கம்பியை இறக்குவதற்கு முன்: சான்றிதழும் தராசும்

கட்டடக் கம்பி ஏற்றிய வண்டி வந்து நின்றுவிட்டால் எல்லாருக்கும் அவசரம்தான். ஓட்டுநர் கிளம்ப வேண்டும், ஆட்கள் இறக்கிப் போட வேண்டும். ஆனால் சரிபார்க்க வேண்டிய நேரமும் அதுதான். இறக்கி, வெட்டி, வளைத்த கம்பியைத் திருப்பி எடுத்துக்கொள்ள யாரும் வரமாட்டார்கள். கையில் ஒரு டேப், ஒரு சின்ன தராசு, மொபைல் இருந்தால் போதும்.

1. ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்

"12 எம்எம், 2 டன்" என்று மட்டும் சொன்னால் எதுவும் வரலாம். விட்டம், நீளம், தரம், எந்தத் தரநிலை, அந்தச் சரக்குக்கான டெஸ்ட் சர்டிபிகேட் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். தரநிலை நாட்டுக்கு நாடு மாறும்: இந்தியாவில் ஐஎஸ் 1786, அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் ஏ615, பிரிட்டனில் பிஎஸ் 4449. கட்டடப் படத்தில் இன்ஜினியர் எதைக் குறித்திருக்கிறாரோ அதையே கேளுங்கள்.

2. டேக்கையும் சர்டிபிகேட்டையும் பக்கத்தில் வையுங்கள்

ஒவ்வொரு கம்பிக் கட்டிலும் ஒரு டேக் தொங்கும். அதில் ஹீட் நம்பர் இருக்கும். உலையில் ஒரே தடவை உருக்கிய இரும்புக்குத் தரும் எண் அது. அதே எண் சர்டிபிகேட்டிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தாள் வேறு ஏதோ கம்பிக்கு உரியது, எத்தனை சீல் குத்தியிருந்தாலும் சரி. ஒரே வண்டியில் இரண்டு மூன்று ஹீட் நம்பர் வருவது சகஜம். ஒவ்வொன்றுக்கும் தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள். நானும் ஒருமுறை மேல் கட்டின் டேக்கை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அடியில் இருந்தவை வேறு எண்.

அப்புறம் கம்பியையே பாருங்கள். தயாரிப்பாளர் பெயரும் தரமும் கம்பியிலேயே உருட்டும்போது பதிந்த எழுத்தாக, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வரும். பெயின்ட் எழுத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

3. சர்டிபிகேட்டில் எதைப் படிப்பது?

எல்லா எண்ணும் புரிய வேண்டியதில்லை, மூன்று போதும். முதலாவது, கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் அழுத்தம். 500 தரம் என்றால் இது 500 மெகாபாஸ்கலுக்குக் (அழுத்தத்தின் அலகு) குறையக் கூடாது. இரண்டாவது, கம்பி தாங்கும் உச்ச அழுத்தம். மூன்றாவது, அறுவதற்கு முன் எத்தனை சதவீதம் நீண்டது என்பது. ஐஎஸ் 1786-ன்படி 500 தரத்துக்கு இது குறைந்தது 12 சதவீதம், 500டி-க்கு (அதே வலு, ஆனால் அதிகம் நீளக்கூடிய வகை) 16.

முதல் எண் பெரிதாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். முதல் இரண்டு எண்களும் 520, 610 என்று இருந்தால் இடையில் நல்ல இடைவெளி. 560, 575 என்று ஒட்டிக்கொண்டிருந்தால் 500 தரத்திலேயே தேறாது, ஏனென்றால் இரண்டாவது எண் முதலாவதைவிட 8 சதவீதமாவது கூட இருக்க வேண்டும்; 500டி-க்கு 10. அந்த இடைவெளிதான் கம்பி சட்டென்று அறாமல் முதலில் இழுபட்டு எச்சரிக்கை கொடுப்பதற்கான இடம்.

4. எடை போடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். விட்டத்தை (எம்எம்-இல்) அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 12 எம்எம் கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுக்க, 0.889.

வேறு வேறு கட்டிலிருந்து மூன்று கம்பி எடுத்து, முனை நேராக இருக்கும்படி ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டர் துண்டு வெட்டுங்கள். தராசு 889 கிராமுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 820 காட்டினால் கிட்டத்தட்ட 8 சதவீதம் குறைவு. ஐஎஸ் 1786 இந்த விட்டத்தில் ஒரு தனித் துண்டுக்கு விடும் சலுகை 6 சதவீதம் வரைதான், ஆகவே அது தேறாது.

எண்ணிக்கைக்கு விலை என்றால் மெலிந்த கம்பியால் நஷ்டம். எடைக்கு விலை என்றால் தடித்த கம்பியால் நஷ்டம்: 12 எம்எம் விட்டத்தில் 12 மீட்டர் நீளக் கம்பி டன்னுக்கு சுமார் 94 வர வேண்டும், 90 வந்தால் 4 சதவீதம் கூடுதல் இரும்புக்குப் பணம் கொடுக்கிறீர்கள். எடைமேடை ரசீதில் சரக்கோடும் வெறும் வண்டியாகவும் போட்ட இரண்டு எடையும், அதே வண்டி எண்ணும் இருக்கட்டும்.

5. துருவும் வளைவும்

லேசான செம்பழுப்புத் துருவுக்குப் பயப்பட வேண்டாம். கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். எடை நின்றால் கம்பி சரி. பொருக்குப் பொருக்காக உதிர்ந்து அடியில் குழி தெரிந்தால் வேண்டாம்.

வளைத்துப் பார்க்க விரும்பினால், 500 தரத்து 12 எம்எம் கம்பியை 48 எம்எம் விட்ட உருளையில் 180 பாகை வளைக்கலாம். வெளிப்புறத்தில் வெடிப்பு கூடாது. பெரிய வேலை என்றால் சில துண்டுகளை அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடத்துக்கே அனுப்பிவிடுங்கள். துண்டை நீங்களே தேர்ந்தெடுங்கள், விற்பவர் தரும் துண்டு வேண்டாம்.

6. கையெழுத்து

பில், சலான், சர்டிபிகேட் மூன்றிலும் விட்டமும் தரமும் எடையும் ஒன்றாக இருந்தால் மட்டும் கையெழுத்து. குறை இருந்தால் சலானிலேயே எழுதி, ஓட்டுநரிடமும் கையெழுத்து வாங்குங்கள். டேக்கைப் பிய்த்து எறிவதற்கு முன் படம் எடுத்து, எந்த ஹீட் நம்பர் எந்தத் தூணுக்கும் தளத்துக்கும் போனது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.