சிறையில் இருப்பவரை மனுப் போட்டுப் பார்ப்பது எப்படி? கொங்குப் பக்கத்துக் குடும்பங்களுக்காக

வேலித் தகராறு, தறிக் குடோனில் கைகலப்பு, பொங்கல் சமயத்துச் சேவல்கட்டில் வந்த வினை, செக் திரும்பிய வழக்கு என்று நம் பக்கத்தில் ஒருவர் உள்ளே போவதற்குப் பெரிய குற்றவாளியாக இருக்க வேண்டியதில்லை. என் பெரியப்பா மகன் தோட்டத்து வண்டித்தடத் தகராறில்தான் ரிமாண்ட் ஆனான். பங்காளிகளுக்குள் நடந்த சண்டை. அவனைப் பார்க்கப் போனது, பணம் கட்டியது, போனில் பேசியது எல்லாம் முடிந்து, அவன் வீட்டுக்கு வந்துவிட்ட பிறகு இதை எழுதுகிறேன். வழக்கு நடத்துவது பற்றி இதில் அதிகம் இல்லை. உள்ளே இருப்பவரைப் பார்ப்பதும் அவரோடு பேசுவதும்தான் பேச்சு.

முதலில்: ஸ்டேஷனா, சிறையா?

கைது செய்தவரை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். அதுவரை அவர் ஸ்டேஷனில்தான் இருப்பார். அங்கே மனு, அதாவது உள்ளே இருப்பவரைப் பார்க்க அனுமதி கேட்டுப் போடும் விண்ணப்பம், என்று ஒன்று கிடையாது. கைதான தகவலை உறவினருக்கோ நண்பருக்கோ சொல்ல வேண்டியது போலீசாரின் கடமை. விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமையும் கைதானவருக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் இவை 48, 38 ஆம் பிரிவுகள். பத்துப் பேராகத் திரண்டு ஸ்டேஷன் வாசலில் நிற்பதைவிட ஒரு வக்கீலை உள்ளே அனுப்புவது எவ்வளவோ மேல்.

நடுவர் ரிமாண்ட் செய்த, அதாவது நீதிமன்றக் காவலில் வைக்க உத்தரவிட்ட, பிறகுதான் சிறை. இது பகலில் நீதிமன்றத்தில்தான் நடக்கும் என்றில்லை. இரவில் நடுவரின் வீட்டிலேயே நடந்து முடிந்துவிடுவதும் உண்டு. காலையில் டிபன் பொட்டலத்தோடு ஸ்டேஷனுக்குப் போனால் ஆள் அங்கே இருக்க மாட்டார்.

அப்போது ஸ்டேஷன் ரைட்டரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: குற்ற எண்ணும் ஆண்டும், எந்த நீதிமன்றம், எந்தச் சிறை. கோவையிலும் சேலத்திலும் மத்தியச் சிறைகள் இருக்கின்றன. கோபியில் மாவட்டச் சிறை. பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், நாமக்கல் போன்ற ஊர்களில் கிளைச் சிறைகள். பக்கத்து ஊர்க் கிளைச் சிறையில்தான் இருப்பார் என்று நீங்களாக முடிவு செய்துகொண்டு பஸ் ஏற வேண்டாம். இடமில்லை என்றோ வேறு காரணத்துக்காகவோ மத்தியச் சிறைக்கு அனுப்பியிருக்கலாம். பெண் என்றால் ஆண்களுக்கான கிளைச் சிறையில் தேடுவதே வீண். கோவையிலும் சேலத்திலும் பெண்களுக்குத் தனிச் சிறைகள் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாத பையன் என்றால் சிறைக்கே அனுப்பக் கூடாது. அவன் கூர்நோக்கு இல்லத்தில் இருப்பான், அங்கே நடைமுறையே வேறு.

கோவை மத்தியச் சிறை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1872இல் தொடங்கிய சிறை. வ.உ.சி. செக்கிழுத்தது இங்கேதான். வெளியூரிலிருந்து வருபவர்கள் இறங்கி நடந்தே போய்விடலாம். ஆட்டோவுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பெயர்: எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்களை வாசலில் நிறுத்தியது இதுதான்.

சிறைக்குள் ஒருவரைத் தேடுவது அவருடைய பெயர், தகப்பனார் பெயர், கைதி எண் ஆகிய மூன்றையும் வைத்துத்தான். இந்தப் பெயர் ஆதாரில் உள்ள பெயர் அல்ல, ரிமாண்ட் காகிதத்தில் போலீசார் எழுதிய பெயர். அது பெரும்பாலும் முதல் தகவல் அறிக்கையிலிருந்து வந்திருக்கும். முதல் தகவல் அறிக்கை புகார் கொடுத்தவரின் வாயிலிருந்து வந்திருக்கும். புகார் கொடுத்தவர் பங்காளி. அவருக்கு என் பெரியப்பாவின் ரேஷன் கார்டுப் பெயர் எங்கே நினைவிருக்கப் போகிறது? ஊரில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிட்டார். "த/பெ சின்னான்" என்று பதிவாகிவிட்டது. பெரியம்மா ஜன்னலில் போய் "பழனிசாமி மகன்" என்று சொன்னார். உள்ளே இருந்தவர் பதிவேட்டில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி யாரும் இங்கே இல்லையே, அம்மா" என்றார். மகனை வேறு எங்கோ கொண்டுபோய்விட்டார்கள் என்று பெரியம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில் அவன் நூறடி தூரத்தில் இருந்தான்.

ஆகவே முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். பாலியல் குற்றம் போன்ற சில வகை வழக்குகள் தவிர மற்றவற்றைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம், வக்கீல் மூலமும் கிடைக்கும். அதில் எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்) பட்டியலில் "செந்தில் (எ) செந்தில்குமார், த/பெ" என்று எப்படி இருக்கிறதோ, எழுத்துப் பிழை உட்பட, அப்படியே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிழையை நீங்கள் திருத்தி எழுதினால் ஆள் கிடைக்க மாட்டார். பிழையைச் சரிசெய்வது வக்கீலின் வேலை, நீதிமன்றத்தில், பிறகு.

செல்போனில் குறித்து வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. வாசலில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். குற்ற எண், நீதிமன்றம், கைதி எண், வக்கீலின் எண், அடுத்த வாய்தா தேதி எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும்.

பதிவு செய்தல்

மத்திய அரசின் ஈ-பிரிசன்ஸ் தளத்தில் ஈ-முலாகாத் என்ற, சிறைச் சந்திப்புக்குப் பதிவு செய்யும் பகுதி இருக்கிறது. மாநிலம், சிறை, பார்க்கப் போகிறவரின் விவரம், அடையாள அட்டை, கூட வருகிறவர்கள், கைதியின் பெயர், தகப்பனார் பெயர், எந்தத் தேதி, நேரிலா காணொளியிலா என்று கேட்கும். நிரப்பினால் ஓ.டி.பி. வரும், பிறகு பதிவு எண் வரும். பதிவு எண் வந்துவிட்டதாலேயே அனுமதி கிடைத்துவிட்டது என்று பொருளில்லை. சிறைத் தரப்பு ஒப்புக்கொண்ட தகவல் தனியாக வரும் வரை புறப்படாதீர்கள்.

பிரவுசிங் சென்டரில் கொடுத்துச் செய்யலாம், ஆனால் ஒரு எச்சரிக்கை. அங்கே வேலை செய்பவர்கள் அவசரத்தில் தங்கள் கைபேசி எண்ணையே போட்டுவிடுவார்கள். ஓ.டி.பி.யும் அவருக்கு, அனுமதித் தகவலும் அவருக்கு. நீங்கள் வீட்டில் காத்துக்கொண்டிருப்பீர்கள். பக்கத்தில் நின்று உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், கிளைச் சிறைக்கு இணையத்தைவிட நேரில் ஒரு நடை போய் விசாரிப்பதே நல்லது. என்னென்ன நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஒரு தடவைக்கு எத்தனை பேர் என்பதெல்லாம் வாசல் பலகையில் எழுதியிருக்கும் (நாம் மனு என்பதுதான் பலகையில் "நேர்காணல்" என்று இருக்கும், குழம்ப வேண்டாம்). சிறைக்குச் சிறை இது மாறும். விசாரணைக் கைதியைத் தண்டனைக் கைதியைவிட அடிக்கடி பார்க்கலாம். குண்டர் சட்டத்தில் வைக்கப்பட்டவர் என்றால் விதி வேறு, அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்க்கும் நாள்

ஆதார் அட்டை அசல், கையெழுத்துப் போட்ட நகல் இரண்டு, நோட்டு, பேனா, சில்லறை. உறவை நிரூபிக்க ரேஷன் கார்டு நகலும் இருந்தால் பேச்சுக் குறையும். மனைவியின் ஆதாரில் இன்னும் தகப்பனார் பெயரே இருந்தால் ரேஷன் கார்டு கட்டாயம் வேண்டும். வாசலுக்கு எதிர்க் கடையில் நின்றுகொண்டு "நான் உள்ளே சொல்லிப் பார்க்க வைக்கிறேன்" என்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

சமைத்ததைக் கட்டிக்கொண்டு போக வேண்டாம். பெரியம்மா ஒப்புட்டுச் சுட்டு வாழையிலையில் சுற்றி எடுத்து வந்தார், கடைசியில் பஸ்ஸில் நாங்கள்தான் சாப்பிட்டோம். விசாரணைக் கைதி சொந்த உடைதான் உடுத்துவார், ஆகவே இரண்டு செட் சாதாரணத் துணி கொண்டுபோகலாம். தினசரி மருந்து சாப்பிடுகிறவர் என்றால் மாத்திரையைவிட மருத்துவரின் சீட்டுத்தான் முக்கியம். சீட்டின் நகலைச் சிறை மருத்துவருக்குச் சேர்க்கச் சொல்லிக் கொடுங்கள். சர்க்கரை, வலிப்பு, ரத்த அழுத்தம் என்றால் இதை முதல் நாளே செய்யுங்கள். பணத்தைக் கையில் கொடுக்க முடியாது. அலுவலகத்தில் அவர் பெயரில் கட்டினால் உள்ளே கேன்டீனில் வாங்கிக்கொள்வார். ரசீதை நோட்டில் ஒட்டுங்கள்.

பேசுவது எப்படி இருக்கும்? சில இடங்களில் கண்ணாடித் தடுப்பும் இன்டர்காமும் இருக்கும். நாங்கள் போன இடத்தில் கம்பி வலை, நடுவில் இடைவெளி, அந்தப் பக்கம் இன்னொரு கம்பி வலை. இரண்டு வலைக்கும் பின்னால் முகம் புள்ளி புள்ளியாகத்தான் தெரிகிறது. பக்கத்தில் நிற்கிறவர்களும் கத்திப் பேசுவதால் நீங்களும் கத்த வேண்டியிருக்கும். "சாப்பிட்டாயா கண்ணு" என்று தொடங்கி அழுதே நேரம் போய்விடும், அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் ஒருவர் அழட்டும், இன்னொருவர் கேட்க வேண்டியதைக் கேட்கட்டும். வழக்கு விவரத்தை அங்கே பேசவே பேசாதீர்கள். சுற்றிலும் காதுகள். அது வக்கீலுக்கான பேச்சு.

ஒன்றை மட்டும் மறக்காமல் செய்யுங்கள். உங்கள் கைபேசி எண்ணை அவரை மனப்பாடம் செய்ய வையுங்கள். இன்று யாருக்கும் யாருடைய எண்ணும் நினைவில் இல்லை. போன் பறிமுதலாகிவிட்டால் மனைவியின் எண்கூடத் தெரியாது. காகிதத்தில் எழுதி நீட்ட முடியாது. நாங்கள் இரண்டிரண்டு எண்ணாகக் கத்திச் சொல்லி, அவனைத் திருப்பிச் சொல்ல வைத்தோம். பக்கத்தில் நின்ற அம்மாவும் அதைப் பார்த்துத் தன் மகனிடம் எண் சொல்லத் தொடங்கிவிட்டார்.

போனும் கடிதமும்

சிறைக்குள்ளிருந்து குடும்பத்தாரோடு பேசத் தொலைபேசி வசதி உண்டு. அவர் எழுதிக் கொடுக்கும் எண்களைச் சரிபார்த்த பிறகுதான் அனுமதிப்பார்கள். அதனால்தான் மேலே அத்தனை கத்தல். அழைப்பு வரும், நீங்கள் திருப்பி அழைக்க முடியாது. தெரியாத எண் என்று துண்டித்துவிடாதீர்கள். தெரியாத எண்களைத் தானாகத் தடுக்கும் செயலி போனில் இருந்தால் அதை நிறுத்தி வையுங்கள். பதிவு செய்த எண்ணை வீட்டில் எப்போதும் இருக்கிறவரிடம் கொடுங்கள். மில்லில் ஷிப்டுக்குப் போகிறவரிடம் அல்ல.

கடிதத்தை யாரும் மதிப்பதில்லை, எனக்கோ அதுதான் பிடித்த வழி. கூரியர் வேண்டாம், அஞ்சலட்டையோ உள்நாட்டுக் கடிதமோ போதும். பெயர், த/பெ, கைதி எண், சிறையின் பெயர், அஞ்சல் குறியீட்டு எண். பிரித்துப் படித்த பிறகுதான் கொடுப்பார்கள் என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள். மாடு கன்று போட்டது, கிணற்றில் தண்ணீர் ஏறியது என்று எழுதினால் போதும். அவன் அதைத்தான் பலமுறை படித்தானாம்.

கேட்டவர்களுக்காகப் பிறகு சேர்த்தவை

வக்கீல் வைக்கக் காசில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். காவலில் இருக்கும் எவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவு. 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அல்லது நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். சொந்த வக்கீல் என்றால் அவரை நியமிக்கும் பத்திரமான வக்காலத்தில் கைதியின் கையெழுத்து வேண்டும். அது சிறை அதிகாரியின் சான்றோடு வர வேண்டும். இதற்கு ஒரு நாள் போய்விடும் என்று கணக்கில் வையுங்கள்.

வாய்தா அன்று நீதிமன்றத்தில் பார்த்துவிடலாம் என்று நம்பிப் போய் ஏமாந்ததாக இருவர் சொன்னார்கள். ரிமாண்ட் நீட்டிப்பு இப்போது பல சமயம் காணொளியிலேயே முடிந்துவிடுகிறது. வக்கீலிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

மனுவுக்குப் போனபோது ஆள் சிறையில் இல்லை என்றார் மற்றொருவர். ரிமாண்டுக்குப் பிறகும் போலீசார் நீதிமன்ற அனுமதியோடு கஸ்டடி எடுக்கலாம். முன்பு முதல் 15 நாளுக்குள் என்று இருந்தது. இப்போது அந்த 15 நாளை, வழக்கைப் பொறுத்து, முதல் 40 அல்லது 60 நாளுக்குள் பிரித்துப் பிரித்தும் எடுக்க வழியிருக்கிறது. கிளம்பும் முன் ஒரு போன் செய்துவிட்டால் பஸ் காசு மிச்சம்.

வேறு சிறைக்கு மாற்றினால் கைதி எண்ணும் மாறும். பழைய எண்ணுக்குப் போட்ட கடிதம் சுற்றித்தான் வரும். நோட்டில் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள்.

ஜாமீன் கிடைத்துவிட்டது, எப்போது வண்டியோடு போவது என்றும் கேட்டார்கள். உத்தரவு வந்த அன்றே கார் பிடிக்க வேண்டாம். ஜாமீன்தாரர்களின் ஆவணங்களை நீதிமன்றம் ஏற்று, விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர வேண்டும். மாலையில் அறைகளை அடைத்த பிறகு உத்தரவு வந்தால் அநேகமாக மறுநாள்தான். வேறு வழக்கில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை அந்த வழக்குக்காக நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் உத்தரவு) இருந்தால் இந்த ஜாமீனால் வெளியே வர முடியாது, அதை வக்கீல் முன்பே பார்த்துவிட வேண்டும். வரும்போது கணக்கில் மீதமிருக்கும் பணத்தையும், உள்ளே போகும்போது வாங்கி வைத்த பொருட்களையும் கையெழுத்துப் போட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். போன் வழக்குச் சொத்தாகப் போயிருந்தால் அது சிறையில் இருக்காது. நீதிமன்றத்தில் தனி மனுப் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.