ரவுட்டர் வாங்கும் முன் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள்

அட்டைப்பெட்டியில் ‘ஏஎக்ஸ்1500’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் போனில் 1500 எம்பிபிஎஸ் வந்துவிடாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 300, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1200 என இரண்டையும் கூட்டிய கணக்கு அது. அதுவும் ஏட்டளவில்தான்.

நான் முதலில் தேடுவது ‘கிகாபிட் போர்ட்’ (1000 எம்பிபிஎஸ் வரை தாங்கும் வயர் செருகும் துளை) என்ற வார்த்தையை. 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாதாமாதம் பணம் கட்டிவிட்டு, 100-ஐத் தாண்டாத போர்ட்டில் வயரைச் செருகினால் பாதி வேகம் வாசலிலேயே நின்றுவிடும். விலை குறைந்த மாடல்களில் இது சகஜம்.

போன், டிவி, லேப்டாப், கேமரா என்று பத்துப் பதினைந்து கருவிகள் இருந்தால் வைஃபை 6 எடுங்கள். ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குப் பங்கிட்டு அனுப்பும் திறன் அதில் உண்டு. ஆன்டெனா எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். எட்டுக்கால் பூச்சி மாதிரி இருப்பதெல்லாம் கேமிங் ரவுட்டர் ஆகிவிடாது!

கேமுக்கு வேகத்தைவிட பிங்தான், அதாவது சர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்தான் முக்கியம். பக்கத்து அறையில் யாராவது கல்யாண வீடியோவை அப்லோடு செய்தால், இங்கே பிங் எகிறிவிடும். க்யூஓஎஸ் (எந்த வேலைக்கு முன்னுரிமை என்று பிரித்துக் கொடுக்கும்) வசதியுள்ள ரவுட்டரில், அப்லோடு வரம்பை உங்கள் இணைப்பின் நிஜ வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து வைத்தால் இது பெருமளவு அடங்கும்.

முடிந்தால் பிளேஸ்டேஷனுக்கோ கணினிக்கோ ரவுட்டரிலிருந்து ஒரு கேட் 5இ நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுங்கள். காங்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டி வரும் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை நம்பி ரேங்க் மேட்ச் ஆட முடியாது.