எஞ்சின் பிளாக்கில் விரிசலா? வெல்டரைக் கூப்பிடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

பிளாக்கில் விரிசல் என்றதும் நம் ஆட்கள் முதலில் தேடுவது வெல்டரைத்தான். சிங்கப்பூரில் துவாஸிலும் ஜூரோங்கிலும் கைதேர்ந்த தமிழ் வெல்டர்களுக்குக் குறைவே இல்லை, எவ்வளவு சிக்கலான பைப்பைக் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார்கள். ஆனாலும் சொல்கிறேன், வார்ப்பிரும்பு பிளாக் என்று வந்துவிட்டால் வெல்டிங் கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும்.

காரணம் இரும்புக்குள்ளேயே இருக்கிறது. நாம் தினமும் வெல்ட் அடிக்கும் சாதாரண இரும்பில் கார்பன் கால் சதவீதத்துக்கும் குறைவு, வார்ப்பிரும்பிலோ 2.5 முதல் 4 சதவீதம் வரை. அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக இரும்பு முழுக்கப் பரவிக் கிடக்கும். இந்த இரும்பு நீளாது, இழுத்தால் உடையும். அதன்மேல் வெல்ட் அடித்தால் ஓரத்தில் உருகிய பகுதியின் சூட்டைச் சுற்றியிருக்கும் கனமான பிளாக் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும், அந்த ஓரம் டிரில் பிட் கூட இறங்காத அளவுக்குக் கெட்டிப்பட்டுவிடும். வெல்ட் ஆறும்போது சுருங்கி இழுக்கும், ஓரம் விட்டுக்கொடுக்காது. வேலை முடிந்து பத்து நிமிடம் கழித்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் வெல்டுக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு கோடு ஓடியிருக்கும்.

அதனால் தண்ணீர் ஓடும் ஜாக்கெட் சுவரில் விரிசல் என்றால் நான் சொல்வது சூடே இல்லாத ஸ்டிச்சிங் முறை. விரிசல் நெடுக ஓட்டை போட்டு, மரை வெட்டி, ஒன்றை ஒன்று கடித்துக்கொள்கிற மாதிரி பின்களை இறக்கி அடைப்பது. கப்பல் வேலையில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல, எஞ்சின் ரூமில் எண்ணெய்க்கும் ஆவிக்கும் நடுவே நெருப்பு வேலைக்கு பெர்மிட் வாங்கி, ஆளைக் காவல் நிறுத்தி வெல்ட் அடிப்பதைவிட இதுதான் நிம்மதி.

முதலில் விரிசல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வெளிப்பக்க ஜாக்கெட் சுவர் என்றால் தாராளமாகச் செய்யலாம். சிலிண்டர் சுவரில் என்றால் உள்ளே கடைந்து பெரிதாக்கி லைனர் என்ற புது உறையை இறக்க வேண்டும், அது மெஷின் ஷாப் வேலை. கிராங்க் உட்காரும் மெயின் பேரிங் இடத்திலோ, ஆயில் பிரஷர் ஓடும் கேலரியிலோ விரிசல் என்றால் வேறு பிளாக் பாருங்கள், அங்கே ஒட்டுப்போட்டு ஓட்டுவது எஞ்சினுக்கும் நல்லதில்லை, பக்கத்தில் நிற்கிற ஆளுக்கும் நல்லதில்லை. ஆனால் சாலையில் ஓடும் வண்டியாக இருந்தால் ஒன்றை மறக்க வேண்டாம், எஞ்சின் எண் பிளாக்கில்தான் அடித்திருக்கும், அதே எண்தான் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவிலும் இருக்கிறது. பிளாக்கை மாற்றினால் அந்த வழியாகவும் போயாக வேண்டும். சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழின் காலம் இன்னும் மிச்சம் இருக்கிற லாரிக்குப் பழைய பிளாக்கையே காப்பாற்றப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

விரிசல் ஏன் வந்தது என்பதையும் இப்போதே கண்டுபிடியுங்கள், இல்லாவிட்டால் அடைத்ததும் பக்கத்திலேயே இன்னொன்று வரும். குளிர் நாடுகளில் தண்ணீர் உறைந்து பிளாக் வெடிக்கும், சிங்கப்பூரில் அந்தப் பேச்சே இல்லை. இங்கே பெரும்பாலும் கூலண்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஊற்றி உள்ளே துரு படிந்து ஓட்டம் அடைபட்டிருக்கும், அல்லது தெர்மோஸ்டாட் சிக்கி எஞ்சின் கொதித்த பிறகு பதற்றத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றியிருப்பார்கள். படகு எஞ்சின் என்றால் உப்புத் தண்ணீர் அரித்திருக்கும். பலர் யோசிக்காத ஒன்றும் உண்டு: பிளாக்கின் மேல் மூடியாக உட்காரும் ஹெட்டைக் கழற்றித் தார்ப்பாய் போட்டு வெளியே வைத்த பிளாக்கில் மழைத் தண்ணீர் போல்ட் ஓட்டைக்குள் இறங்கி நிற்கும். அடி மூடிய ஓட்டை அது. அதைத் துடைக்காமல் ஹெட் போல்ட்டை முறுக்கினால் தண்ணீர் போக இடமில்லாமல் போல்ட்டின் முழு பலமும் சுவரைப் பிளக்கும். ஹெட் போல்ட் ஓட்டைகளைக் காற்றடித்துக் காயவைக்காமல் டார்க் ரெஞ்சைக் கையில் எடுக்காதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். பெயின்டையும் துருவையும் சுரண்டி எடுத்து, டிகிரீசரால் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். பிறகு விரிசலின் இரண்டு முனைகளையும் கண்டுபிடிக்க வேண்டும், கண்ணுக்குத் தெரிவதைத் தாண்டியும் அது ஓடியிருக்கும். விரிசலைச் சாயத்தால் காட்டிக்கொடுக்கும் டை பெனிட்ரன்ட் ஸ்ப்ரே ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும். சிவப்பை அடித்து 10 நிமிடம் விட்டு, துணியால் துடைத்து, வெள்ளையை அடியுங்கள், விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும். ஸ்ப்ரே இல்லையா, மண்ணெண்ணெயைத் தடவிச் சற்று ஊறவிட்டு, மேலே ஒரு சொட்டும் இல்லாமல் துடைத்துவிட்டு, சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்குங்கள். கொஞ்ச நேரத்தில் விரிசலுக்குள் போன எண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளையில் தலைமுடி அளவுக்கு ஒரு கருங்கோடு மெல்ல மெல்ல நீளும். அது எங்கே நிற்கிறதோ அங்கே சென்டர் பஞ்சால் குத்துங்கள், அதற்கு 5 மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு குத்து. முதல் பின்னும் கடைசிப் பின்னும் அந்தத் தள்ளிய குத்துகளில்தான் இறங்கும், விரிசல் அதற்குமேல் ஓடாமல் தடுப்பது அவைதான்.

பின் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சாதாரண போல்ட்டின் மரை ஆப்பு மாதிரி வெளிப்பக்கம் தள்ளும், இறுக்க இறுக்க விரிசல் விரியும். இதற்கென்றே விற்கும் ஸ்டிச்சிங் பின்களில் மரை கொக்கி வடிவில் வெட்டியிருக்கும், இறுக்கும்போது இரண்டு பக்கத்தையும் உள்ளே இழுக்கும். சுமை விழும் இடம் என்றால் அந்தப் பின்களையும் அவற்றுக்கான மரை வெட்டும் டேப்பையும்தான் வாங்க வேண்டும், விலை கூடத்தான், வேறு வழியில்லை. விரிசலைத் தனியே இழுத்துப் பிடிக்கிற லாக்குகளும் குறுக்கே வைக்க வேண்டியிருக்கும், அதை அனுபவசாலியிடம் விடுங்கள். ஜாக்கெட் சுவர் மாதிரி தண்ணீரை மட்டும் தடுத்தால் போதும் என்ற இடத்துக்குச் சாதாரண எம்8 (8 மில்லிமீட்டர்) மரைக் கம்பி போதும், இறுக்கத்தை அளவோடு வைத்தால் சரி. சுவர் 4 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியது என்றால் எம்6 எடுங்கள்.

எம்8க்கு 6.8 மில்லிமீட்டர் பிட், எம்6க்கு 5. டிரில்லை நிமிடத்துக்கு 1000 சுற்று அளவில் வைத்து, எண்ணெய் விடாமல் உலர்வாகவே ஓட்டுங்கள், வார்ப்பிரும்பில் இருக்கும் கிராஃபைட்டே வழுக்கிக்கொடுக்கும். சுருளாக வராது, கறுப்புத் தூளாகத்தான் உதிரும், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். பிட் சுவருக்கு நேர் செங்குத்தாக இருக்க வேண்டும், சாய்ந்தால் அடுத்த பின் கடிக்காது. டேப்பில் கெட்டி கிரீஸ் தடவினால் தூள் ஒட்டிக்கொண்டு வெளியே வரும், ஜாக்கெட்டுக்குள் விழாது. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. கையில் திடீரென்று கனம் தெரிந்தால் நிறுத்திப் பின்னால் சுற்றி எடுங்கள், டேப் உள்ளே முறிந்தால் அன்றைய வேலை அதோடு சரி.

முதல் வரிசை ஓட்டைகளை எம்8 என்றால் மையத்துக்கு மையம் 11 மில்லிமீட்டர் விட்டுப் போடுங்கள், எம்6 என்றால் இன்னும் நெருக்கமாக. மரையை கிரீஸ் போகக் கழுவி, திரெட் சீலர் தடவி, கம்பியை இறக்கி, கை கொடுக்கும் அளவுக்கு இறுக்கி, மேலே ஒன்றரை மில்லிமீட்டர் விட்டு அறுத்துவிடுங்கள். அந்த மிச்சத்தை மட்டமாகத் தேய்த்த பிறகு, இரண்டு பின்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில் அடுத்த ஓட்டை. இந்த ஓட்டை இரு பக்கத்துப் பின்களையும் கொஞ்சம் வெட்டிக்கொண்டுதான் இறங்கும், இறங்க வேண்டும். வெட்டவில்லை என்றால் நடுவில் விரிசல் மிச்சம் இருக்கிறது, அங்கே கசியும். கடைசியில் விரிசல் இருந்த இடமே தெரியாமல் முழுக்கப் பின்னாகத்தான் இருக்க வேண்டும். உருண்டைத் தலை சுத்தியலால் வரிசை நெடுக லேசாகத் தட்டுங்கள், ஓங்கி அடிக்காதீர்கள், அப்புறம் கிரைண்டரால் சமப்படுத்துங்கள்.

அடுத்தது சோதனை, தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள். தண்ணீர் வழிகளை ரப்பரும் தகடும் வைத்து மூடி, உள்ளே சுமார் 80 டிகிரி வெந்நீர் நிரப்பி, 2 பார் அழுத்தம் கொடுங்கள். ரேடியேட்டர் மூடி பொதுவாக 1 பார் அளவில்தான் திறக்கும், அதனால் 2 பாரில் தாங்கினால் போதுமானது. வெந்நீர் எதற்கென்றால் சூட்டில்தான் விரிசல் வாய் திறக்கும். காற்றை மட்டும் அடைத்துச் சோதிப்பதாக இருந்தால் அழுத்தத்தை இன்னும் குறைத்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், தகடு பிடுங்கிக்கொண்டு பறந்தால் ஆபத்து. ஒரு பின்னில் கசிந்தால் அதை மட்டும் மறுபடி துளைத்து ஒரு அளவு பெரிய பின்னை இறக்கலாம்.

எப்பாக்சி பூசலாமா என்று கேட்பார்கள். வெளிச்சுவரில் ஊசிக்கசிவுக்கு, சுத்தமாகத் தேய்த்த இடத்தில், கொஞ்ச காலம் தாங்கும். அதை நம்பி மலேசியா வரை லோடு ஏற்றிப் போகாதீர்கள். வெல்டிங் தவிர்க்க முடியாத இடம் என்றால் நிக்கல் ராடு கேளுங்கள், ஒரு அங்குலம் ஓட்டி, சூடாக இருக்கும்போதே தட்டி, கை வைக்க முடிகிற வரை ஆறவிட்டு அடுத்த அங்குலம். அவசரப்படுகிற வெல்டரிடம் கொடுக்க வேண்டாம்.

பழைய கூலண்டை வடிகாலில் ஊற்றாதீர்கள். இங்கே வடிகால் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, அதிலிருக்கும் கிளைக்கால் விஷம், டப்பாவில் பிடித்துக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். ஜாக்கெட்டை மாறி மாறிக் கழுவித் தூளை வெளியேற்றிவிட்டு, தண்ணீரும் கூலண்டும் கலந்து நிரப்பி, எஞ்சினைச் சூடு ஏறும் வரை சும்மா ஓடவிட்டு, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். ஆறிய பிறகு டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள், ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே வேறு எங்கேயோ இறங்குகிறது, அந்த எஞ்சினை ஒரு நிமிடம் கூட ஓட்டாமல் திறக்க வேண்டும்.