பழத்தட்டைப் பார்க்கும் விதம்

சிங்கப்பூரின் ஊபி வட்டாரத்தில் 30 ஆண்டு கார்களுக்குப் பெயிண்ட் அடித்தவன் நான். எங்கள் தொழிலில் கைத்தடம் தெரிந்தால் வேலை கெட்டுப்போனது என்று அர்த்தம். ஸ்ப்ரே சரியாகப் படியாமல் மேடும் பள்ளமுமாக வந்தால் அதற்குப் பெயர் 'ஆரஞ்சுத் தோல்'. தேய்த்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். அதனால், இங்குள்ள நேஷனல் கேலரி ஓவியக்கூடத்தில் ஓவியர் ஜோர்ஜெட் சென் வரைந்த பழங்களை முதன்முதலில் பார்த்தபோது, 'என்ன இது, ஃபினிஷிங்கே இல்லையே' என்றுதான் தோன்றியது.

பார்க்க வேண்டியதே அதைத்தான்.

முதலில் பத்தடி தள்ளி நின்று கண்ணைப் பாதி மூடிக்கொள்ளுங்கள். ரம்புத்தான், தட்டு என்ற பெயர்கள் மறைந்து வெறும் நிறத் திட்டுகள் மிஞ்சும். எது முன்னால் வருகிறது, எது ஒதுங்குகிறது என்று பாருங்கள்.

அப்புறம் வெள்ளையைத் தேடுங்கள். மேசைத்துணியோ கிண்ணமோ, பெரும்பாலும் ஏதாவது இருக்கும். வெள்ளைக் காரில் கீறலை மறைத்துப் பார்த்தவருக்குத் தெரியும், வெள்ளை என்று ஒரே நிறம் கிடையாது. ஒரு துளி கறுப்போ மஞ்சளோ கூடினால் போதும், ஒட்டுப்போட்ட இடம் பல்லிளிக்கும். அந்தத் துணியில் எத்தனை நிறம் என்று எண்ணுங்கள். பக்கத்துப் பழத்தின் சிவப்பு அதில் கசிந்திருக்கலாம். நிழல் நீலமாகவோ ஊதாவாகவோ இருக்கலாம். பிரெஞ்சு ஓவியர் செசான் தன் ஆப்பிள்களுக்கு உருண்டை வடிவம் கொடுத்தது, சூடான நிறத்துக்குப் பக்கத்தில் குளிர்ந்த நிறத்தை வைத்துத்தான். அவர் இறந்தது 1906இல். சென் பிறந்ததும் அதே ஆண்டு. பாரிஸில் படித்த சென், 1954 முதல் இங்கே நன்யாங் நுண்கலைக் கழகத்தில் கற்பித்தார்.

இனி கிட்டே போகலாம், ஆனால் நேராக நிற்காதீர்கள். கார்க் கதவைச் சோதிக்கும்போது நாங்கள் பக்கவாட்டில் குனிந்து, வெளிச்சம் எங்கே தடுக்குகிறது என்று பார்ப்போம். அதே வித்தைதான். சாயம் மேடாக நிற்கும் இடங்கள் தெரியவரும். தூரிகை பழத்தின் வளைவோடு சுற்றியதா, குறுக்கே வெட்டியதா? ரம்புத்தான் முடியை ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறாரா, நாலு கீற்றில் முடித்துவிட்டாரா? (ரொம்பக் குனியாதீர்கள். ஒருமுறை காவலர் தொண்டையைச் செருமினார்.)

மாட்டியிருக்கும் ஓவியங்கள் அவ்வப்போது மாறும்; நீங்கள் போகும் நாளில் அந்தப் பழங்கள் இல்லாமலும் இருக்கலாம். அவை திரும்பி வரும்வரை தேக்கா சந்தையில் நாலு மங்குஸ்தீன் வாங்கி, வெள்ளைத் தட்டில் வைத்து, ஜன்னலோரம் உட்காருங்கள். கறுப்பு என்று நான் நினைத்திருந்த அந்தத் தோலில் போன வாரம் ஐந்து நிறம் எண்ணினேன், பச்சைக் காம்பைச் சேர்க்காமல்.