கிராமத்துக் கவுண்டியில் வீடா? வெள்ள வரைபடம் பார்ப்பது முதல் காப்பீடு எடுப்பது வரை

வங்கியிலிருந்து வந்த கடிதம் ஒரே பக்கம்தான். வீடு சிறப்பு வெள்ள அபாயப் பகுதிக்குள் வருகிறது, 45 நாட்களுக்குள் வெள்ளக் காப்பீடு எடுக்க வேண்டும், தவறினால் வங்கியே ஒரு பாலிசி எடுத்து அந்தச் செலவை என் கணக்கில் சேர்த்துவிடும் என்று எழுதியிருந்தது. அந்த மாதம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓடையில் கணுக்கால் அளவுத் தண்ணீர்கூட இல்லை.

அந்த 45 நாட்களில் அலைந்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவில் நகர எல்லைக்கு வெளியே, ஓடையோ ஆறோ பக்கத்தில் இருக்கும் நிலத்தில் வீடு வாங்கியவர்களுக்கு இது பயன்படும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. அதற்கென்று 1968-ல் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் கொண்டுவரப்பட்டது. அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா அதை நடத்துகிறது. உங்கள் கவுண்டி (மாநிலத்தின் உள்ளாட்சிப் பிரிவு) அந்தத் திட்டத்தில் சேர்ந்திருந்தால்தான் உங்களுக்குப் பாலிசி கிடைக்கும். கவுண்டி அலுவலகத்தில் வெள்ளச் சமவெளி நிர்வாகி, அதாவது வெள்ளம் பரவும் நிலத்தில் கட்டடங்களுக்கான விதிகளைப் பார்த்துக்கொள்பவர், யார் என்று கேளுங்கள். சிறிய கவுண்டிகளில் கட்டட அனுமதி கொடுப்பவரே இந்த வேலையையும் பார்ப்பதுண்டு. அவருடைய தொலைபேசி எண்ணைக் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 1: வரைபடத்தில் வீட்டைக் கண்டுபிடியுங்கள்

ஃபீமாவின் வெள்ள வரைபடச் சேவை மையம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முகவரியைத் தட்டினால் வரைபடம் வரும். நான் சறுக்கியது இங்கேதான். கிராமப்புற முகவரிகளுக்கு அந்தக் குறி பல நேரங்களில் சாலையோரத் தபால்பெட்டியின் மேல் விழுகிறது. என் தபால்பெட்டி ஓடைப்பாலத்தை ஒட்டி இருக்கிறது. வீடோ அங்கிருந்து 600 அடி உள்ளே, மேட்டில் இருக்கிறது. நான் இரண்டு நாட்களாகப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது தபால்பெட்டியின் அபாயத்தை.

எனவே வீட்டு வாசலில் நின்று கைப்பேசியில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எடுத்து, அவற்றைக் கொண்டு தேடுங்கள். பிறகு வான்படத்தைப் பின்னணியாக வைத்து, உங்கள் கூரை எங்கே இருக்கிறது என்று கண்ணால் உறுதிசெய்யுங்கள். கட்டாயக் காப்பீடு கட்டடத்தைப் பொறுத்தது. நிலத்தின் ஒரு மூலையில் மட்டும் வெள்ளப் பகுதியைக் காட்டும் வண்ணம் பட்டு, வீடு தெளிவாக வெளியே நின்றால், நில அளவையாளர் இல்லாமலே ஃபீமாவிடம் அதை எழுத்தில் வாங்கிவிடலாம்.

படி 2: எழுத்துகளைப் படியுங்கள்

ஏ, வி என்று தொடங்கும் பகுதிகள் அதிக அபாயப் பகுதிகள். வங்கிக் கடிதம் சொன்ன 'சிறப்பு வெள்ள அபாயப் பகுதி' இவைதான். வி என்பது கடற்கரைக்கு உரியது. உள்நாட்டில் இருப்பவர்கள் அதை மறந்துவிடலாம். எக்ஸ் என்றால் மிதமான அல்லது குறைந்த அபாயம்.

'நூறாண்டு வெள்ளம்' என்ற சொல் பலரை ஏமாற்றுகிறது. நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்பது அதன் பொருளல்ல. ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு, அவ்வளவுதான். 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வந்துவிடும் வாய்ப்பு 26 சதவீதம், அதாவது நான்கில் ஒன்றுக்குக் கொஞ்சம் அதிகம்.

எக்ஸ் என்று பார்த்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலின் மழை, கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் மேற்கு வட கரோலினாவின் மலைக் கவுண்டிகளைப் புரட்டிப் போட்டது. அங்கே வீடிழந்த பலரிடம் வெள்ளக் காப்பீடு இல்லை.

படி 3: வெறும் 'ஏ' என்று இருந்தால்

நகரங்களில் பெரும்பாலும் 'ஏஇ' என்று இருக்கும். பக்கத்திலேயே அடிப்படை வெள்ள மட்டம், அதாவது அந்த 1 சதவீத வெள்ளத்தில் தண்ணீர் ஏறும் உயரம், அடிக்கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். கிராமப்புறங்களில் பல இடங்களில் வெறும் 'ஏ' மட்டும் இருக்கும், எண் இருக்காது. விரிவான ஆய்வு செய்யாமல் தோராயமாக வரைந்த எல்லை என்று அதற்குப் பொருள். தபால்பெட்டியை விட்டு வீட்டையே வைத்துப் பார்த்தாலும், என் வீடு அப்படியொரு 'ஏ'-க்குள்தான் வந்தது. எண்ணே இல்லாதபோது என் வீடு அதற்கு மேலா கீழா என்று எப்படிச் சொல்வது? நான் பேசிய முதல் ஏஜென்டுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

வழி இருக்கிறது. வெள்ளச் சமவெளி நிர்வாகியிடமோ மாநில அலுவலகத்திலோ அந்த ஓடைக்கு ஏற்கெனவே கணக்கிட்ட மட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். அவர்களிடம் இல்லாவிட்டால், தனி வீட்டுக்கான வரைபடத் திருத்த விண்ணப்பம் போட்டால் ஃபீமாவே கணக்கிட முயலும். வீடு அபாயப் பகுதிக்குள் இல்லை என்று ஃபீமா தரும் இந்தத் திருத்தக் கடிதத்தை 'லோமா' என்பார்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. உயரத்தை அளந்து சான்று தரும் உரிமம் பெற்ற நில அளவையாளருக்குத்தான் செலவு.

அளவையாளர் வந்த நாளில் நான் கூடவே நின்றேன். வீட்டுச் சுவரைத் தொடும் மண்ணில் மிகத் தாழ்வான இடத்தைத் தேடி அளந்தார். வீடு மேட்டில் நிற்கிறதே என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. அவரோ பின்பக்கம் போய், வீட்டோடு சேர்ந்த மரத்தளத்தின் கடைசித் தூண் மண்ணில் இறங்கும் இடத்தில் அளவுகோலை நட்டார். வீட்டின் தாழ்ந்த மூலை வெள்ள மட்டத்துக்கு 1.3 அடி மேலே இருந்தது. அந்தத் தூணின் அடி வெறும் 0.4 அடி மேலே. சரிவில் இன்னும் இரண்டு தூண் தள்ளித் தளம் கட்டியிருந்தால் விண்ணப்பம் தோற்றிருக்கும். ஓடையைப் பார்த்து மரத்தளம் கட்டும் எண்ணம் இருந்தால், லோமா வாங்கும் முன் இதை யோசியுங்கள்.

உயரம் பார்க்க என்ன கருவி என்று கேட்டால், கைப்பேசிச் செயலிகளை நான் நம்பமாட்டேன். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமான யு.எஸ்.ஜி.எஸ்.-ஸின் இணையத் தேசிய வரைபடம் முதல் பார்வைக்கு எவ்வளவோ மேல். ஓடை பெருகாமல் மழைநீர் மட்டுமே தேங்கும் அபாயத்துக்கு வீடுவாரியாக வெள்ள அபாயத்தைக் கணிக்கும் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட் அமைப்பின் மதிப்பீட்டையும் பார்ப்பேன். வங்கி ஏற்பது ஃபீமா வரைபடத்தை மட்டும்தான். இவை எல்லாவற்றையும்விட எனக்கு உண்மையை உணர்த்தியது பக்கத்துப் பண்ணைக்காரர்தான். தன் கொட்டகைத் தூணில் பழைய சேற்றுக்கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று காட்டினார். என் இடுப்பளவு இருந்தது.

லோமா கிடைத்த பிறகும் நான் காப்பீடு எடுத்தேன். வங்கியின் கட்டாயம் நீங்கியது. ஓடை அங்கேயேதான் இருக்கிறது.

படி 4: பாலிசி

கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், வீட்டுப் பொருட்களுக்கு 1,00,000 டாலர். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அரசுத் திட்டத்தின் பாலிசியை எந்த நிறுவனம் விற்றாலும் விலை ஒன்றே. ஆகவே விலைக்காக ஏஜென்டைத் தேடாதீர்கள். வெள்ள இழப்பீட்டை முன்பு கையாண்டவரைத் தேடுங்கள். 2021 அக்டோபரிலிருந்து புதிய பாலிசிகளுக்குப் பிரீமியத்தை அந்தந்த வீட்டைப் பார்த்தே கணக்கிடுகிறார்கள். தண்ணீரிலிருந்து தூரம், தரைத்தளத்தின் உயரம், திரும்பக் கட்டும் செலவு எல்லாம் அதில் சேரும்.

பொதுவாகப் பாலிசி நடைமுறைக்கு வர 30 நாட்கள் ஆகும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு ஏஜென்டைக் கூப்பிட்டுப் பயனில்லை. வீட்டுக்கடன் வாங்கும்போது அதற்காகவே எடுத்தால் இந்தக் காத்திருப்பு இல்லை.

எதற்குக் கிடைக்காது என்பதைக் கிராமத்தில் இருப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். கிணறு, செப்டிக் டேங்க், வேலி, வெளித்தளம் எதற்கும் கிடையாது. வெள்ளத்துக்குப் பின் வெளியே தங்கும் செலவும் கிடையாது. நிலவறையில் கொதிகலன், மின்பெட்டி போன்றவற்றுக்கு உண்டு. அங்கே போட்ட கம்பளத்துக்கும் அடுக்கிவைத்த புத்தகங்களுக்கும் இல்லை. கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் நான் தனியாகப் பணம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

பின்னர் சேர்த்தது

கொட்டகையும் இதில் அடங்குமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அடங்காது. தனியாக நிற்கும் கார் ஷெட்டுக்கு மட்டும் கட்டடத் தொகையில் 10 சதவீதம் வரை பயன்படுத்தலாம். அது வீட்டுக்கான தொகையிலிருந்தே கழியும். கொட்டகைக்குத் தனிப் பாலிசி வேண்டும்.

இன்னொருவர் கேட்டது முக்கியமானது. திட்டத்தின் கணக்கில் 'வெள்ளம்' என்றால், வழக்கமாகக் காய்ந்திருக்கும் நிலத்தில் குறைந்தது 2 ஏக்கரிலோ, உங்களுடையது உட்பட இரண்டு சொத்துகளிலோ தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். பத்து ஏக்கர் நடுவே தனி வீடு என்றால் பக்கத்து வீட்டுச் சாட்சி இருக்காது. இழப்பு விவரத்தைக் கையெழுத்திட்டுத் தர 60 நாட்கள் இருக்கின்றன. வயல் அதற்கு முன்பே வடிந்துவிடும். வீட்டுக்குள் நிற்கும் தண்ணீரைப் படமெடுப்பதோடு நிறுத்தாமல், பாதுகாப்பாக நிற்க முடிந்தால், மேட்டிலிருந்து வயல் முழுவதையும் வேலிக்கம்பங்கள் தெரியும்படி படமெடுத்து வையுங்கள்.