ட்ரவுசர் பையில் வந்த மஞ்சள் சக்கரம்

நம்ம பக்கம் கடத்தல் என்றால் கடல் அட்டை, பீடி இலை, சமையல் மஞ்சள் என்றுதான் பேப்பரில் வரும். எங்கள் வீட்டில் நடந்தது வேறு. மூன்றரை வயசு மகன், பாம்பனில் பால்வாடிக்குப் போகிறவன், ஒரு நாள் அவன் ட்ரவுசரைத் துவைக்கப் பையைப் புரட்டினேன், மணலோடு ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் சக்கரம் விழுந்தது. மறுநாள் இன்னொரு சக்கரம். அதற்கடுத்த நாள் இரண்டையும் கோர்க்கிற கம்பி. நாலாம் நாள் காரின் உடம்பு வந்து சேர்ந்தபோதுதான் புரிந்தது, பயல் ஒரு காரையே பாகம் பாகமாகப் பிரித்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறான்.

இதில் நான் செய்த முதல் தப்பு, "திருடினியா?" என்று கேட்டது. அப்பத்தா அதற்கு மேல் போய் "போலீஸ் வந்து பிடிச்சிட்டுப் போயிடும்" என்று சொல்லிவிட்டார். விளைவு என்ன? எடுப்பது நிற்கவில்லை, ஒளிக்கிற இடம் மட்டும் மாறியது. பையில் இருந்தது ஜட்டிக்குள் போனது, அப்புறம் சாப்பாட்டு டப்பாவுக்குள் போனது. அதனால் இந்த வயசில் அந்த வார்த்தையை வாயில் எடுக்காதீர்கள். என் கையில் இருக்கிறது, அதனால் என்னுடையது, மூன்று வயசின் கணக்கு அவ்வளவுதான். பொதுச் சாமான், அடுத்தவர் சாமான் என்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறைக்கும்.

பொருள் கையில் கிடைத்த பிறகு "எடுத்தியா?" என்று விசாரிப்பதும் வேண்டாம். உங்களுக்குத்தான் தெரியுமே, தெரிந்துகொண்டே கேட்டால் பிள்ளை "இல்லை" என்று சொல்லத்தான் பழகும். "இது பால்வாடி கார், நாளைக்குக் காலையில் கொண்டுபோய்க் கொடுப்போம்", இவ்வளவு போதும். அன்று ராத்திரியே அதை வாசல் பக்கம் செருப்புக்கு மேலே வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காலை அவசரத்தில் மறந்துபோகும், ஒரு வாரம் வீட்டிலேயே கிடந்தால் அது நம்ம வீட்டுச் சாமான் ஆகிவிடும்.

திருப்பிக் கொடுப்பது பிள்ளையின் கையால்தான் நடக்கணும். நாம் யாருக்கும் தெரியாமல் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தால் மானம் தப்பும், பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் முன்கூட்டியே டீச்சரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். "கொண்டு வந்துட்டியா, இந்தா, அந்தக் கூடையில போடு" என்று அவர் சாதாரணமாக வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் நிற்கவைத்து மன்னிப்புக் கேட்க வைப்பது தேவையே இல்லை. முன்பு விட்டிருந்த ஒரு இடத்தில் இவன் பையை மட்டும் தினமும் வாசலில் கொட்டிப் பார்த்தார்கள். ஒரு மாசம் அந்தத் தெருப் பக்கமே வரமாட்டேன் என்று அழுதான், எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. சோதனை போட்டால் எல்லாருக்கும் போடணும். இப்போதைய டீச்சர், வீட்டுக்குப் போகிற நேரம் எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்து, பாட்டுப் பாடிக்கொண்டே இரண்டு கையாலும் பையைத் தட்டச் சொல்கிறார். விழுவது விழும், ஆயா பொறுக்கிக் கூடையில் போடுவார், அத்தோடு சரி.

வேறொரு பிள்ளையின் சொந்தப் பொம்மை வந்துவிட்டால் மட்டும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம், சாயங்காலமே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விடுங்கள். அங்கே ஒருத்தன் தன் பொம்மையைத் தேடி அழுதுகொண்டிருப்பான்.

வீட்டிலிருந்து கொண்டுபோவது தனிக் கதை. எங்கள் வீட்டில் அது தினமும் நடக்காது என்பதை நான் லேட்டாகத்தான் கவனித்தேன். அவன் அப்பா கடலுக்குப் போன நாளில்தான் பைக்குள் ஏதாவது இருக்கும், பெரும்பாலும் வலையிலிருந்து கழன்ற மிதவைத் துண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் அப்பா கரையில், பிள்ளையின் பை காலி. ஜூன் பாதியில் படகு இறங்கியதும் பை மறுபடி கனத்தது. அதனால் என்ன கொண்டுபோகிறான் என்று பார்க்கும்போதே எந்த நாளில் கொண்டுபோகிறான் என்றும் பாருங்கள். வீட்டு ஞாபகத்துக்கு ஒன்று கையில் வேண்டியிருக்கிறது என்றால் அதைப் பிடுங்கக் கூடாது, மாற்றிக் கொடுக்கணும். நான் அப்பாவின் பழைய கைலியில் கைக்குட்டை அளவு கிழித்து, ஓரம் தைத்துக் கொடுத்தேன். வேறு எந்தப் பிள்ளையும் ஆசைப்படாது, சண்டை வராது, தொலைந்தால் இன்னொன்று கிழித்துக்கொள்ளலாம். பெரிய பொம்மைகளுக்கு வாசல் வரைதான் அனுமதி. யானை ஜன்னலில் உட்கார்ந்து வழியனுப்பும், திரும்பி வரும்போது அங்கேயே இருக்கும். அது அங்கேயே இருக்கணும், அதுதான் முக்கியம், இடையில் நீங்கள் ஒதுங்கவைக்கிறேன் என்று பரண்மேல் போட்டீர்களோ, மறுநாள் யானை பைக்குள் போய்விடும்.

சாயங்காலம் பையைக் காலி செய்ய நடையில் ஒரு ஓலைக்கொட்டான் வைத்திருக்கிறேன். கேள்வி கிடையாது, கொட்ட வேண்டியதுதான். இதைப் பழக்கமாக்கியதற்குக் காரணம் ஒழுக்கம் இல்லை, பயம். ரிமோட், விளக்கு எரியும் பொம்மை, பாட்டுப் பாடும் பொம்மை இவற்றில் இருக்கிற வட்டப் பட்டன் பேட்டரியை விழுங்கி அது உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், வண்டி இல்லையென்றால் 108. ஒன்றுக்கு மேல் சின்னக் காந்தம் உள்ளே போனாலும் அப்படித்தான், குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போடும். மூன்று வயசுக்குக் கீழே தம்பி தங்கை இருந்தால், மூன்று சென்டிமீட்டருக்குச் சின்னதாக வருகிற எதையும் உடனே எட்டாத இடத்தில் வையுங்கள். அப்புறம், சிப்பி. வெறும் ஓடு என்றால் பரவாயில்லை. உள்ளே உயிர் இருந்தால் மறுநாள் வீடே நாறும், அது கூம்பு மாதிரி ஒடுங்கிய சங்காக இருந்தால் உயிரோடு இருக்கும்போது விஷமுள்ளால் குத்தவும் செய்யும். கரையில் அசைகிற சங்கைத் தொடக்கூடாது என்பதைப் பொம்மைப் பேச்சுக்கு முன்னாலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

இப்படி ஒரு மாசம் போனதில் வருவது குறைந்தது, நிற்கவில்லை. நேற்றுக்கூட கொட்டானில் ஒன்று விழுந்தது, பால்வாடியில் கொடுத்த அவித்த முட்டை, பாதி, மணல் ஒட்டி நசுங்கி. தங்கச்சிக்காம். அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. ட்ரவுசரை மட்டும் உடனே பச்சைத் தண்ணீரில் அலசிப் போட்டேன், வெந்நீர் பட்டால் முட்டை துணியிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும்.