போனைப் பிடுங்கினால் போதாது, கீழே இன்னொரு பிள்ளை வேண்டும்

எங்கள் வீட்டில் முதலில் போனை ஒளித்து வைத்துத்தான் பார்த்தோம். அரிசி டப்பாவுக்குப் பின்னால், பீரோ மேலே, ஒருநாள் வாஷிங் மெஷினுக்குள்ளேயே. ஐந்து வயது மகன் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதை ஒரு விளையாட்டாக்கிக்கொண்டான், அவ்வளவுதான் மிச்சம். பேட்டர்ன் மாற்றினோம், என் விரல் போகிற வழியைப் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டான். ஒன்பது வயது மகள் வேறு ரகம். அவள் திருட மாட்டாள், கேட்டு வாங்குவாள். "ஹோம்வொர்க் வாட்ஸ்அப்ல வந்திருக்கும்மா" என்று வாங்கிக்கொண்டு போவாள், முக்கால் மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் திரையில் யாரோ ஒருவர் பொம்மைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருப்பார், இவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சென்னைப் புறநகரில் இருபத்து நான்கு வீடுகள் உள்ள ஒரு சின்ன அடுக்ககத்தில் ஒன்றரை வருடம் மல்லுக்கட்டிய பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்: போனுக்குச் சரியான போட்டி பார்க்கோ, விலை உயர்ந்த சைக்கிளோ, ஸ்கேட்டிங் கிளாஸோ இல்லை. இன்னொரு பிள்ளை. கீழே ஒரு பிள்ளை இவர்களுக்காகக் காத்திருந்தால் போனை அப்படியே சோபாவில் போட்டுவிட்டு ஓடுவார்கள். யாரும் இல்லாவிட்டால், நீங்கள் எவ்வளவு நல்ல பார்க்குக்குக் கூட்டிப் போனாலும் பத்தாவது நிமிடம் "வீட்டுக்குப் போலாமா" என்பார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி போனைப் பற்றி இருக்காது, ஆள் சேர்ப்பது பற்றித்தான் இருக்கும்.

முதலில் கணக்கு

எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதற்கு ஏற்கெனவே பதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சொன்னது: ஒரு வயது வரை திரையே வேண்டாம், ஒரு வயதுக் குழந்தைக்கும் வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது, ஐந்திலிருந்து பத்து வயதுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் என்று சேர்த்துக்கொள்கிறது. ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியுடன் வீடியோ காலில் பேசுவதை இதில் சேர்க்க வேண்டியதில்லை.

அந்தக் கணக்கை அடுத்த வாரமே எட்டிப்பிடித்துவிட வேண்டும் என்று கிளம்பாதீர்கள். இப்போது நான்கு மணி நேரம் பார்க்கிறான் என்றால் முதலில் மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை மட்டும் மீட்டுக்கொள்ளுங்கள். மற்ற நேரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காலையும் இரவும் சேர்த்து ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றப் போய், மூன்றாவது நாள் களைத்துப்போய்ப் போனை நீட்டிவிட்ட அனுபவம் எனக்கு இரண்டு முறை இருக்கிறது.

ஏன் அந்த நேரம்? அப்போது வெளியே வெளிச்சம் இருக்கிறது. பிள்ளைகளின் கண் கெடுவது போனால் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பகல் வெளிச்சம் கிடைக்காமல் வளர்வதும் கிட்டப்பார்வைக்கு ஒரு பெரிய காரணம் என்று கண் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. சீனாவின் குவாங்சோ நகரத்துப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டு மூன்று வருடம் கவனித்திருக்கிறார்கள். வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருக்கிறது, வெளியே விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். 2015-இல் வெளியான ஆய்வு அது. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் என்ற அலகில் சொன்னால், டியூப் லைட் போட்ட நம் ஹாலில் சில நூறு லக்ஸ்தான், வெளியே மர நிழலில் நின்றாலே ஆயிரக்கணக்கில் கிடைக்கும். ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளைக்கு இதனால் பவர் இறங்கிவிடாது, இன்னும் போடாத பிள்ளைக்குத்தான் பெரிய லாபம்.

போனில் செய்ய வேண்டியது

இது அரை மணி நேர வேலை, ஒருமுறை செய்தால் போதும்.

பிள்ளைக்குத் தனியாக டேப்லெட்டோ பழைய போனோ கொடுத்திருந்தால், ஆண்ட்ராய்டாக இருக்கும் பட்சத்தில் கூகுள் ஃபேமிலி லிங்க் போடுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், இரவு எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும், எந்தச் செயலிக்கு எவ்வளவு என்பதையெல்லாம் உங்கள் போனிலிருந்தே வைக்கலாம். ஐபோன், ஐபேடில் 'ஸ்கிரீன் டைம்' என்று செட்டிங்ஸிலேயே இருக்கிறது. உங்கள் போனையே கொடுப்பவராக இருந்தால், ஐபோனில் 'கைடட் அக்சஸ்', ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்'. கொடுத்த செயலியைத் தவிர வேறு எதற்கும் போக முடியாது. ஹோம்வொர்க் பார்க்க வாங்கிய போனில் ஹோம்வொர்க் மட்டும் தெரியும். என் மகள் இதைக் கண்டுபிடித்த அன்று என்னோடு பேசவில்லை.

யூடியூபில் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். ஒரு வீடியோ முடிந்து திரை சும்மா நிற்கும் அந்த நான்கு விநாடிதான் நமக்குக் கிடைக்கும் ஒரே சந்து, அது வழியாகத்தான் பிள்ளையை வெளியே இழுக்க முடியும். சின்னவர்களுக்கு யூடியூப் கிட்ஸ் பரவாயில்லை, அதில் தேடலை மூடி வைக்கலாம், டைமரும் இருக்கிறது. முடிந்தால் போனுக்குப் பதில் டிவியில் போட்டுக் கொடுங்கள். டிவி ஹாலில் இருக்கிறது, சத்தம் சமையலறைக்குக் கேட்கிறது, என்ன பார்க்கிறான் என்று தெரிகிறது, போர்வைக்குள் கொண்டுபோக முடியாது.

அப்புறம் "அஞ்சு நிமிஷம்தான்" என்று சொல்வதை விடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஐந்து நிமிடம் என்றால் என்னவென்று தெரியாது, நாமும் ஐந்து என்று சொல்லி இருபது விடுகிறவர்கள்தான். "இந்தக் கதை முடிஞ்சதும் நீயே ஆஃப் பண்ணு" என்று சொல்லுங்கள். பாதிக் கதையில் பிடுங்கினால் யாருக்கும் கோபம் வரும், நமக்கு சீரியல் நடுவில் கரண்ட் போனால் வராதா?

சாப்பாட்டு நேரம் தனிக் கதை. போன் காட்டி ஊட்டிப் பழக்கிய பிள்ளை, போன் இல்லாமல் இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாது. அது நிஜம். எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளும் மாமியார் கண்ணில் தண்ணீரோடு தட்டையும் பேரனையும் மாறி மாறிப் பார்த்தார். நான்காவது நாள் கீழே ஓடிவிட்டு வந்தவன் தோசை கேட்டான், மூன்று தின்றான். எடை குறைவு, உடம்பு சரியில்லை என்றால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

முதல் வாரம் அழுகை கூடும், குறையாது. உருள்வான், சாமான் எறிவான், "நீ பேட் அம்மா" என்பான். நடுவில் ஒருநாள் மனம் இளகிக் கொடுத்தீர்கள் என்றால், இவ்வளவு நேரம் அழுதால் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்வான், அடுத்த முறை அதற்கு மேல் அழுவான்.

இனி ஆள் சேர்ப்பது

நான் முதலில் செய்த தவறு: பிள்ளைகளைக் கீழே அனுப்பிவிட்டு "போய் விளையாடு" என்றேன். கீழே யாருமே இல்லை. இரண்டு ஸ்கூட்டர், ஒரு பூனை, செக்யூரிட்டி அண்ணன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். எல்லா வீட்டிலும் இதே கதைதான், ஒவ்வொரு பிள்ளையும் வெவ்வேறு நேரத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு யாரும் இல்லை என்று ஏறிவிடுகிறது.

அதனால் நேரத்தை ஒட்டுங்கள். இரண்டே இரண்டு வீட்டு அம்மா அல்லது அப்பாவிடம் நேரில் பேசுங்கள், குரூப்பில் போடாதீர்கள், குரூப்பில் போட்டால் எல்லாரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார்கள், ஒருவரும் வர மாட்டார்கள். "திங்கள்லேர்ந்து ஐந்து மணிக்கு என் பிள்ளைங்க கீழ இருப்பாங்க, நானும் இருப்பேன், உங்க பையனை அனுப்புங்க" என்று சொன்னால் போதும். நானும் இருப்பேன் என்பதுதான் அதில் முக்கியம். கார் ரிவர்ஸ் எடுக்கிற பயம், தெருநாய்ப் பயம், கேட்டுக்கு வெளியே போய்விடுவார்களோ என்கிற பயம், இவற்றால்தான் பாதிப் பேர் அனுப்புவதில்லை. ஒரு பெரியவர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால் கதவு திறக்கும். இரண்டாவது வாரம் நாங்கள் முறை வைத்துக்கொண்டோம், வேலைக்குப் போகிறவர்கள் சனி ஞாயிறு, ஓய்வு பெற்ற ஒரு மாமா தானாகவே செவ்வாயும் வியாழனும் எடுத்துக்கொண்டார். மூன்று பிள்ளைகளில் ஆரம்பித்தது, மாதம் முடிவதற்குள் பதினொன்று.

டியூஷன் இருக்கிறது என்பார்கள். எங்கள் கட்டடத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஆறரை வரை டியூஷன். ஒரு வீட்டில் பேசி ஆறரைக்கு மாற்ற வைத்தோம், மற்ற வீட்டில் முடியவில்லை. சரி, விட்டுவிட்டோம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பத்து வயதை நெருங்கினாலே "பசங்களோட என்ன விளையாட்டு" என்று மேலே கூப்பிட்டுக்கொள்கிறார்கள், கூப்பிட்டு கையில் போனைக் கொடுத்து உட்கார வைக்கிறார்கள். இதைவிட மோசமான பண்டமாற்று எனக்குத் தெரியவில்லை. பெரிய பெண் ஒருத்தி கீழே இருந்தால் மற்றப் பெண்களும் இறங்குவார்கள், அந்த ஒருத்தி உங்கள் மகளாக இருக்கட்டும்.

கீழ் வீட்டுக்காரர் பந்து காரில் பட்டதென்று சண்டைக்கு வருவார். நிச்சயம் வருவார். அதற்கு முன் நீங்களே போய்ப் பேசிவிடுங்கள், கிரிக்கெட் பந்து வேண்டாம், ஸ்பாஞ்சுப் பந்து மட்டும், மதியம் தூங்கும் நேரத்தில் சத்தம் இல்லை என்று. எங்களுக்குப் பந்தே வேண்டாம் என்ற நிலைதான் வந்தது, அதுவும் நல்லதாகவே போனது.

என்ன விளையாடுவது

இடம் குறைவாக இருந்தாலும் நம்மிடம் விளையாட்டுக்குப் பஞ்சமில்லை. இந்தக் காலப் பிள்ளைகளுக்கு அவை தெரியாது, முதல் நான்கைந்து நாள் நீங்கள் இறங்கி ஆடிக் காட்ட வேண்டும், அதற்கு மேல் நீங்கள் தேவைப்பட மாட்டீர்கள்.

பார்க்கிங்கில் ஒரு சாக்பீஸ் இருந்தால் பாண்டி. மேடும் பள்ளமுமாக இருந்தால் கல்லா மண்ணா, படிக்கட்டு கல், தரை மண். தூண் நிறைய இருந்தால் ஐஸ் பாய். பத்துப் பேர் சேர்ந்துவிட்டால் கொலகொலயா முந்திரிக்கா, அல்லது இரண்டு வரிசையாக நின்று பூப்பறிக்க வருகிறோம். உடைந்த டைல்ஸ் ஏழு கிடைத்து, உங்கள் கட்டடத்தில் அந்த ஸ்பாஞ்சுப் பந்துக்காவது ஒப்புக்கொண்டால் ஏழு கல். பம்பரமும் கிட்டிப்புள்ளும் திறந்த இடம் இருந்தால் மட்டும், கிட்டிப்புள்ளில் புள் கண்ணில் பட்டு நான் சின்ன வயதில் பட்ட அவஸ்தை போதும்.

சின்னப் பிள்ளைகள் வந்தால் ஆட்டம் கெடுகிறது என்று பெரியவர்கள் துரத்துவார்கள். இதற்கு நம் ஊரில் ஏற்கெனவே வழி இருக்கிறது: ஒப்புக்குச் சப்பாணி. ஓடலாம், கத்தலாம், தொட்டாலும் அவுட் இல்லை. என் மகன் ஆறு மாதம் ஒப்புக்குச் சப்பாணியாகவே இருந்தான். ஒருநாள் சாட் பூட் த்ரீயில் அவனையும் சேர்த்துப் போட்டார்கள், வீட்டுக்கு வந்து அதை அவன் அப்பாவிடம் சொன்ன அழகைப் பார்க்க வேண்டும்.

சண்டை வரும். காய் விடுவார்கள், அரை மணியில் பழம் விடுவார்கள். அடி, ரத்தம், கேட்டுக்கு வெளியே ஓட்டம், ஒரே பிள்ளையை எல்லாரும் சேர்ந்து ஒதுக்குவது, இந்த நான்கைத் தவிர மற்றதற்கெல்லாம் நாற்காலியிலிருந்து எழுந்திருக்காதீர்கள். அதேபோல, கீழே உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கையிலும் போன் வேண்டாம். இது எனக்கே கஷ்டமாக இருந்தது. முதல் வாரம் வெறும் கையோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தேன்.

வெயிலும் மழையும்

கத்திரி வெயிலில் ஐந்து மணி சரிவராது, காலை ஆறரையிலிருந்து எட்டு, இல்லையென்றால் மாலை ஐந்தே முக்காலுக்கு மேல். ஜூலையில் சென்னையில் ஆறரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும். நவம்பர் கடைசியில் ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும், அப்போது பள்ளியிலிருந்து வந்ததும் பால் குடித்த கையோடு நாலரைக்கே அனுப்பிவிட வேண்டும், ஹோம்வொர்க் இருட்டிய பிறகு. டெங்கு கொசு பகலில், அதிலும் காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான் அதிகம் கடிக்கும் என்பதால், மழைக்காலத்தில் பார்க்கிங்கில் கிடக்கும் பூந்தொட்டித் தட்டு, பழைய டயரையெல்லாம் பிள்ளைகளை விட்டே கவிழ்க்கச் சொல்லுங்கள், உற்சாகமாகச் செய்வார்கள்.

அடைமழை நாட்களில் யார் வீட்டிலாவது தாயம், பல்லாங்குழி, கேரம். எங்கள் மாமியார் சோழியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார் என்றால் நான்கு வீட்டுப் பிள்ளைகள் எங்கள் ஹாலில் இருக்கும். போனைக் கொடுத்துப் பேரனைச் சமாதானப்படுத்தியவரும் அவர்தான், இப்போது தாயத்தில் கள்ளாட்டம் ஆடுகிறவரும் அவர்தான். நேற்று அவர் காயை மகன் வெட்டிவிட்டான், இன்று மழை விட்டும் கீழே இறங்காமல் பாட்டி அடுத்த ஆட்டத்துக்கு அவனைப் பிடித்து வைத்திருக்கிறார், கீழிருந்து அவன் பெயரைச் சொல்லி மூன்று பேர் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.